இருபத்திமூன்றாவது வரி

தங்கை எழுதிய பயணத் திட்டத்தின் முதல் பிரதியில் பதினொரு வரிகள்தான் இருந்தன. அண்ணன் சிவப்புப் பேனாவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த பிறகு அது நாற்பத்தொன்றாக வளர்ந்தது.

"'ஸ்டேஷனிலிருந்து லாட்ஜுக்கு'ன்னு மொட்டையா எழுதியிருக்கே. எதுல போவே?"

"டாக்சிலண்ணா."

"ரோட்ல நின்னு கையைக் காட்டுவியா, ஸ்டாண்டுக்குப் போவியா?"

"ஸ்டாண்டு."

"அப்ப ஸ்டாண்டு தனி வரி. ஏறினது தனி வரி. இறங்கினது தனி வரி."

அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "மூச்சு விடறதுக்கும் ஒரு வரி போட்டுடுங்க. மறந்துடப் போறா."

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் அண்ணிக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூச்சுதான் அந்த வீட்டின் கவலை. இரண்டு வருடங்களுக்கு முன்னால், வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது தங்கைக்குத் திடீரென்று மூச்சு அடைத்தது. கை விரல்கள் மடங்கிக்கொண்டன. செத்துப்போகிறோம் என்று நிச்சயமாகத் தோன்றியது. யாரோ தூக்கி, யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை, நுரையீரலில் கோளாறு இல்லை. பயம்தான் உடம்புக்குள் புகுந்து இப்படி ஆட்டுகிறது, மறுபடியும் வரலாம், வந்தால் தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். 'மறுபடியும் வரலாம்' என்பது மட்டும்தான் வீட்டார் காதில் விழுந்தது. அன்றிலிருந்து காலையில் கொண்டு விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் அண்ணனின் வேலையாயிற்று.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். அவனுடைய காரில் அவன் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது காலை லேசாக ஊன்றித்தான் வைத்திருப்பான். டிவியில் யாராவது வேகமாக ஓடினால் அந்தக் கால் அழுத்தும்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பேச்சு குறைவு, அதையும் மெதுவாகப் பேசுவாள். அங்கே உள்ளவர்கள் அவளுக்கு மைக்ரோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்ணி அதைக் கேட்டு வந்து வீட்டிலும் பரப்பிவிட்டாள்.

மூன்று வாரங்களுக்கு முன் மைக்ரோவுக்கு மெயிலில் ஒரு கடிதம் வந்தது. எட்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில், குடிநீர்ப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஆய்வாளர் பதவி. தனி அறை, தனி நுண்ணோக்கி. இந்தப் புதன்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"எட்டு மணி நேரம் தள்ளி இருந்துட்டு, இவளுக்கு ஒண்ணுன்னா யார் போறது?" என்றான் அண்ணன். அதோடு பேச்சு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு நாள் தனியா எங்கயாவது போய்ட்டு வரட்டுமேடா. முடியுதா இல்லையான்னு தெரிஞ்சுபோயிடும்."

அண்ணன் யோசித்தான். பிறகு நிபந்தனை வைத்தான். எல்லாம் தாளில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரி முடிந்ததும் குடும்பக் குழுவில் அந்த வரியின் எண்ணை அனுப்ப வேண்டும். "ஒரு வரி தப்பினாலும் நான் வந்து கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் அந்த வேலைப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

"சரி" என்றாள் மைக்ரோ. சந்தோஷமாகத்தான் சொன்னாள். திட்டம் போடுவதென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. தனியாகப் பயணம் செய்பவர்களுக்கான குறிப்புகளை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தாள். எல்லாவற்றிலும் ஒரே அறிவுரை: நன்றாகத் திட்டமிட்டால் பதற்றமே இருக்காது. ரயில் எந்த நடைமேடையில் வரும், லாட்ஜில் எந்த மாடி, எந்தத் தெருவில் நிழல் இருக்கும் என்பதுவரை கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஒவ்வொரு தூரத்துக்கும் மூன்று பேர் சொன்ன நேரத்தை வாங்கி, நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டாள்.

ரயிலில் நான்கு மணி நேரத்தில் போகக்கூடிய ஓர் ஊரின் அருங்காட்சியகத்தில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு இருந்தது. அதைப் பார்க்கத்தான் அந்த ஊரையே தேர்ந்தெடுத்தாள். திங்கட்கிழமை போய் இறங்கியதும் அருங்காட்சியகம், செவ்வாய்க்கிழமை ஏரிக்கரை என்று எழுதியிருந்தாள். அண்ணன் பேனாவால் ஒரு வளைந்த அம்பு போட்டு இரண்டையும் இடம் மாற்றினான்.

"முதல் நாளே அவ்வளவு பெரிய கட்டடத்துல நடக்காதே. ஏரிக்கரையில உக்காரு. மறுநாள் தெம்பா இருக்கும்போது பாத்துக்கலாம்."

கடைசிப் பக்கத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டான். அதன்பிறகு அவள் அந்தத் தாளில் கை வைக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் கையெழுத்தாகிவிட்ட நடைமுறையை யாரும் தொடுவதில்லை.

முதல் நாள் சுத்தமாகப் போயிற்று. ரயிலில் ஏறினாள், ஒன்று. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள், இரண்டு. நான்கு மணி நேரத்தில் இறங்கினாள். டாக்சி, லாட்ஜ், இரண்டாம் மாடி, பூட்டிய கதவு. எண்ணை அனுப்பினால் ஐந்து வினாடிக்குள் அண்ணனின் கட்டை விரல் குறி வந்து நிற்கும். பாவம், அன்று எத்தனை பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தானோ. ஏரிக்கரையில் ஒன்றரை மணி நேரம் இருந்தாள். அதில் பாதி நேரம் கடிகாரத்தையும் மீதி நேரம் போனையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து படுத்தபோது ஏரியில் தண்ணீர் இருந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபத்தைந்துக்கு அருங்காட்சியகத்தின் முன்னால் நின்றாள். ஐந்து நிமிடம் முன்கூட்டியே வந்துவிட்டாள். இரும்புக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு காவலாளி குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப திறப்பீங்க?"

"நாளைக்கும்மா. செவ்வாய்க்கிழமை லீவு."

"பத்து மணிக்குத் திறக்கும்னு போட்டிருக்கே?"

"பத்து மணிக்குத்தான் திறப்போம். நாளைக்குப் பத்து மணிக்கு." அவர் குழாயை அடுத்த செடிக்கு நகர்த்தினார். "இன்னிக்கே பாக்கணும்னு என்ன? திமிங்கிலம் எங்கயும் போகாது."

அவள் தாளைப் பார்த்தாள். வரி இருபத்திமூன்று: அருங்காட்சியகத்தினுள் நுழைதல், 10.30. பக்கத்தில் சிவப்பு அம்பு. திங்கட்கிழமைக்குத் திறந்திருக்கிறதா என்று அவள் விசாரித்திருந்தாள். அம்பு போட்ட பிறகு செவ்வாய்க்கிழமைக்கு யாரும் விசாரிக்கவில்லை. அண்ணன் அவள் பார்த்திருப்பாள் என்று நினைத்திருப்பான். அவள், அண்ணன் கையெழுத்தே போட்டுவிட்டானே என்று இருந்துவிட்டாள்.

மணி பத்து இருபத்தொன்பது. மூடியிருக்கிறது என்று எழுத ஆரம்பித்தாள். அழித்தாள். ஒரு வரி தப்பினாலும், என்று அண்ணன் சொல்லியிருந்தான். யார் தப்பு என்று அவன் பேச்சில் எங்கும் வரவில்லை. பத்து முப்பதுக்கு '23' என்று தட்டி அனுப்பினாள்.

கட்டை விரல் வந்தது.

அவளுக்குக் காது சூடாயிற்று. போன வருடம், பரிசோதனைக் கூடத்தில் மருந்துகள் வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டில் சீனியர் ஒருவர் மூன்று நாட்களுக்குப் பார்க்காமலே நான்கு டிகிரி, நான்கு டிகிரி, நான்கு டிகிரி என்று எழுதிவைத்திருந்தார். அதில் ஒரு நாள் பெட்டி ஓடவே இல்லை. மேலிடத்தில் போய்ச் சொன்னவள் மைக்ரோதான். ஆறு மாதம் அவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், பார்க்காததை எப்படி எழுதலாம் என்று அப்போது வீட்டில் வந்து பொரிந்து தள்ளினாள்.

எதிரே பஸ் நிறுத்தம் இருந்தது. அங்கே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வரி இருபத்திநான்குக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதுவரை அவள் உள்ளே இருக்கிறாள். எழுந்து ஒரு டீ குடிக்கலாம் என்றாலும் டீ எந்த வரியிலும் இல்லை.

பத்து ஐம்பதுக்குப் போன் அடித்தது. அண்ணன் மகள். காய்ச்சல் என்று அன்று பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தாள்.

"அத்தை, திமிங்கிலத்தைப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்டா செல்லம்."

"எவ்ளோ பெரிசு?"

"நம்ம தெரு அளவுக்கு."

"ஒரு போட்டோ அனுப்பு."

"இங்க போட்டோ எடுக்க விட மாட்டாங்கடா."

"பல் எத்தனை இருக்கு? எண்ணிச் சொல்லு."

அவள் கதவைப் பார்த்தாள். காவலாளி குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "நாப்பத்தெட்டு" என்றாள்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "என் புக்குல நீலத் திமிங்கிலத்துக்குப் பல்லே கிடையாதுன்னு போட்டிருக்கே அத்தை."

அவளுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும்.

"அம்மா, உன் போனைக் குடு. அத்தை தப்பாச் சொல்றா. நாம படம் பாப்போம்" என்று குழந்தை தூரமாகச் சொல்வது கேட்டது. இணைப்பு போய்விட்டது.

பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நடந்தது. அண்ணி படம் தேடியிருப்பாள். அருங்காட்சியகத்தின் பெயருக்குக் கீழே இன்று விடுமுறை என்று கொட்டை எழுத்தில் இருந்திருக்கும். குழந்தை வாய்விட்டுப் படித்திருக்கும், வகுப்புக்கு நடுவே வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் காதில் விழுந்திருக்கும். பதினொன்று ஐந்துக்கு அண்ணனின் பெயர் போனில் ஒளிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் ஒளிர்ந்தது.

அப்போது நெஞ்சுக்குள் அது அசைந்தது.

முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு தொண்டையை யாரோ உள்ளிருந்து சுருக்குவது போல் இருந்தது. தெருவின் சத்தம் தூரப் போயிற்று. எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது, எங்கே என்று தெரியவில்லை. இது எந்த வரியிலும் இல்லை. ஏன் இல்லை? நாற்பத்தொரு வரியும் இது ஒன்றுக்காகத்தான் எழுதப்பட்டது. ஆனால் இதை எழுத மட்டும் யாருக்கும் கை வரவில்லை.

டாக்டர் அன்று சொன்னதை நினைவில் தேடினாள். காலுக்குக் கீழே தரை இருக்கிறதா பார். இருந்தது. மூச்சை இழுக்காதே, விடு. விட்டாள். பாதிதான் போயிற்று. கண்ணுக்குத் தெரிவதில் ஐந்தை எண்ணு. கதவு. பூட்டு. குழாய். காவலாளியின் செருப்பு. ஐந்தாவதாக எதுவும் கிடைக்கவில்லை. மடியில் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து நின்றது. செத்துப்போகிறோம் என்று தோன்றியது. போன தடவையும் இப்படித்தான் தோன்றியது என்பது கூடவே ஞாபகம் வந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஒன்பது. முள்ளைப் பார்த்துக்கொண்டே மூச்சை விட்டாள்.

காவலாளி சாலையைக் கடந்து வந்தார். "என்னம்மா, முகமெல்லாம் வேர்த்திருக்கு? யாரையாவது கூப்பிடட்டுமா?"

அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவர் போகவில்லை. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து பஸ்ஸை எதிர்பார்ப்பவர் மாதிரி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று பதினேழுக்கு மூச்சு முழுதாக வெளியே போயிற்று. அடுத்ததும் போயிற்று. முதுகு முழுக்க நனைந்திருந்தது. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். நீண்டன. யாரும் அவளைத் தூக்கவில்லை. அதே பெஞ்சில்தான் இருந்தாள்.

"சரியாப் போச்சு" என்றாள் காவலாளியிடம்.

"பிரெட் ஏதாவது வாங்கித் தின்னுங்க" என்று எழுந்து போனார்.

போனில் பதினான்கு அழைப்புகள். அண்ணனைக் கூப்பிட்டாள். பாதி மணியிலேயே எடுத்தான்.

"எங்க இருக்கே?"

"அருங்காட்சியகத்துக்கு எதிர்ல. பஸ் ஸ்டாப்ல."

"ஏன் பொய் சொன்னே?"

அவள் பையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"வண்டியை எடுத்துட்டேன். அங்கேயே இரு. அசையாதே. அந்த வேலைக்கு வரலைன்னு அண்ணிகிட்ட எழுதச் சொல்லிட்டேன். உன் மெயில் வீட்டுக் கம்ப்யூட்டர்ல திறந்துதான் கிடக்கு."

"அண்ணா, அதை..."

வைத்துவிட்டான். மறுநிமிடம் அண்ணி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மைக்ரோ, உங்கண்ணன் எழுதச் சொல்லிட்டுப் போயிருக்கார். நான் ஒத்த விரல்லதான் டைப் அடிப்பேன்னு உனக்குத் தெரியும்ல? இப்பதான் 'வணக்கம்' முடிச்சிருக்கேன். அதுலயும் தப்பு." நிறுத்தினாள். "அந்த அம்பை அவர்தானே போட்டார்னு கேட்டேன். காதுல வாங்காம செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிட்டார். இந்தா, உங்கம்மாகிட்டப் பேசு."

அம்மா போனை வாங்கினாள்.

"வந்துச்சா?"

பொய் சொல்ல ஒரே ஒரு வினாடி இருந்தது. "வந்துச்சும்மா."

"எவ்வளவு நேரம்?"

"பதினோரு நிமிஷம்."

"போன தடவை?"

"நாப்பதுன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்கு."

"பதினொண்ணு, நாப்பது" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இப்ப எப்படி இருக்கே?"

"பசிக்குது."

"சாப்பிடு முதல்ல" என்றாள் அம்மா. பிறகு, "நீ அங்க போய் இருந்தா நான் தினமும் தூங்க மாட்டேன். அது வேற விஷயம். அதுக்காக வேலைக்கு வரலைன்னு சொல்லாதே" என்றாள்.

பிரெட் வாங்கி நின்றபடியே தின்றாள். திரும்பப் பெஞ்சுக்கு வந்து, போனில் அந்தக் கடிதத்தைத் திறந்து, பதவியை ஏற்றுக்கொள்கிறேன், குறிப்பிட்ட தேதியில் சேர்வேன் என்று இரண்டு வரி எழுதினாள். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. செய்தது சரியா என்றும் தெரியவில்லை. அண்ணிக்கு மட்டும் 'டைப் அடிக்க வேண்டாம்' என்று செய்தி போட்டாள். 'அப்பாடா, விரல் வலிச்சுது' என்று பதில் வந்தது.

மூன்று மணிக்கு டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. கூரையிலிருந்த பயிற்சிப் பலகையை எடுக்கக்கூட அண்ணன் மறந்து வந்திருந்தான். கதவைச் சாத்தாமலே இறங்கினான். அவள் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டைக் காலர் கசங்கியிருந்தது. வழியில் எங்கும் நிறுத்தியிருக்க மாட்டான்.

"அம்மா சொன்னா. வந்துச்சாமே?"

"ஆமா."

"இதைத்தான்டி நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"வந்துச்சு, போயிடுச்சு."

"இன்னிக்குப் போயிடுச்சு. ஏறு."

"வேலைக்கு வரேன்னு எழுதிட்டேன்."

அவன் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். "வரலைன்னு மறுபடி எழுது."

"மாட்டேன்."

"யாரைக் கேட்டு எழுதினே? எண்ணை மட்டும் அனுப்பிட்டு ஊரையே ஏமாத்தினவ நீ. இனிமே நீ நல்லா இருக்கேன்னு சொன்னா நான் எப்படி நம்பறது?"

அது நியாயமான கேள்வி. அந்த சீனியரைப் பற்றி அவளும் இதையேதான் கேட்டாள்.

"நம்ப முடியாதுதான்" என்றாள். "பொய் சொன்னது தப்பு. மூடியிருக்குன்னு சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு, நீ வந்துடுவேன்னு."

அண்ணன் காருக்குள் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்தான். நின்றிருந்த வண்டியிலும் வலது கால் பிரேக்கை அழுத்தியது. அவள் அதைப் பார்ப்பதைப் பார்த்துக் காலை எடுத்தான்.

"உனக்கு முதல்ல வந்த அன்னிக்கு ஒரே ஒரு ஸ்டூடண்ட் பாக்கி இருந்தான்" என்றான், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "அரை மணி நேரம். வந்து கூட்டிட்டுப் போன்னு நீ கேட்டப்ப, முடியாது, பஸ்ல போயிடுன்னு சொன்னேன்."

இரண்டு வருடத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை. அவளும் அதை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

"நீ வந்திருந்தா, அது கார்ல வந்திருக்கும்ணா."

அவன் கேட்டானா என்று தெரியவில்லை. "ஏறு" என்றான் மறுபடியும். குரலில் முன்பிருந்த அதட்டல் இல்லை. அதனால் மறுப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அஞ்சு நாப்பதுக்கு ரயில் இருக்கு. டிக்கெட் எடுத்திருக்கேன். அதுலதான் வருவேன்."

"பைத்தியமா உனக்கு? கார் நிக்குது."

"தெரியும்."

அவள் பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். ரயில் நிலையம் இருபது நிமிட நடை. கார் பின்னால் மெதுவாக வந்தது. மற்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. கூரைப் பலகையைப் பார்த்துவிட்டு, யாரோ புதிதாகப் பழகுகிறார்கள் என்று விலகிப் போயின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. நடையால் அடிக்கிறதா, அதுதான் மறுபடியும் வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அண்ணன் நடைமேடைவரை வந்தான். ரயில் வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் வெளியே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாதி வழியில வந்தா?"

"வரலாம்."

"வந்தா என்ன பண்ணுவே?"

அவள் யோசித்தாள். எழுதிவைத்த பதில் எதுவும் இல்லை. "தெரியலண்ணா. உக்காந்திருப்பேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வண்டி அசைந்தது. கம்பியிலிருந்து கையை எடுக்காமல் கூடவே நான்கு அடி நடந்தான். பிறகு வேகமாக நடந்தான். "கையை எடுண்ணா, விழுந்துடுவே" என்றாள் அவள். எடுத்தான். டாட்டா காட்டவில்லை, நிற்கவும் இல்லை. நடைமேடை முடியும் இடம்வரை, ஆட்களை இடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே ஓடி வந்துகொண்டிருந்தான்.